ஒரே வீட்டில் இருந்தவர்கள்

கூராபின்
மார்ச் 12, 2024

அன்புள்ள நோரீன்,

நலமா? இங்கே நான் நலம். இருமல் முழுக்கப் போய்விட்டது. நாய்தான் காலில் எதுவோ குத்தி நொண்டிக்கொண்டு திரிகிறது.

"உன் குரலக் கேட்டா எனக்கு யோசிக்கவே வராது, எதுவா இருந்தாலும் எழுதிப் போடு" என்று நீ சொன்னதை மறக்கவில்லை. அதனால்தான் இதையும் எழுதுகிறேன். இல்லையென்றால் நேற்றே போனில் கத்தியிருப்பேன். போன சனிக்கிழமைக் குலுக்கலில் எனக்கு இரண்டாம் பரிசு விழுந்திருக்கிறது.

திங்கட்கிழமை காலை பேப்பர் கடையில் டிக்கெட்டை இவெட்டிடம் நீட்டினேன். அவள் எந்திரத்தில் காட்டினாள். வழக்கமாக வரும் சத்தம் வரவில்லை.

"என்ன இவெட், மெஷின் மக்கர் பண்ணுதா?"

"மக்கரும் இல்ல, மண்ணும் இல்ல. யோவ் கிளைவ், அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரு மொதல்ல."

"நின்னுக்கிட்டே கேக்குறேன், சொல்லு."

"நெஞ்சுல சளி கட்டுன ஆளு நீ. கீழ விழுந்தா தூக்க எனக்குத் தெம்பு கெடையாது. உக்காருய்யா."

உட்கார்ந்தேன். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். நோரீன், டிப்பெட்டின் வீடு விற்பனைக்கு வந்திருப்பது உனக்குத் தெரியுமா? மேட்டுத் தெருவில் இருக்கிறதே, தண்ணீர் எந்தக் காலத்திலும் எட்டாத அந்த மஞ்சள் வீடு. அதை வாங்கவும், கூரையை மாற்றவும் இந்தப் பணம் போதும். ஆற்றில் வீடு போன நாளிலிருந்து பந்தய மைதானத்தில் நிற்கும் தகரக் கேரவன் வண்டியில் கிடக்கிறவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பரிசுப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. உறவினர் யாராவது லாட்டரி நிறுவனத்தில் வேலை செய்கிறார்களா என்று. "பொண்டாட்டி இருக்கா, ஆனா பிரிஞ்சு ஏழு வருஷமாச்சு" என்றேன். "அப்ப அதையே எழுது, மறைக்காத" என்றாள் இவெட். எழுதிவிட்டேன். உனக்கு அதனால் தொந்தரவு ஏதும் வராது என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை அந்தப் பந்துகளைக் குலுக்கியது நீதானே? நினைக்க நினைக்கச் சிரிப்பு வருகிறது.

அன்புடன்,
கிளைவ்


பிரிஸ்பேன்
மார்ச் 18, 2024

அன்புள்ள கிளைவ்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமைதான் கைக்கு வந்தது. அதற்கு முன்பே எனக்குச் செய்தி வந்துவிட்டது.

புதன்கிழமை காலை பந்துகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் மாதம் இது. ஒரு பந்து மற்றதைவிடத் துளி கனத்தாலும் அந்தப் பெட்டியையே ஒதுக்கிவிட வேண்டும். எந்திரத்தைப் பழுதுபார்க்கும் டுவான் எதிரில் உட்கார்ந்து காற்றுக் குழாயைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மேலாளர் ஹார்கிரேவ் வந்து வாசலிலேயே நின்றார்.

"நோரீன், கையுறையக் கழட்டிட்டு கொஞ்சம் வெளிய வாங்க."

"இந்தப் பெட்டிய முடிச்சிட்டு வரேனே."

"அத வேற ஆளு பாத்துக்குவாங்க. நீங்க வாங்க."

அவர் குரலிலேயே தெரிந்தது. யாரோ செத்துப்போன செய்தி என்றுதான் நினைத்தேன். நீதான் என்றும் நினைத்தேன். அதனால் "உங்க வீட்டுக்காரருக்குப் பரிசு விழுந்திருக்கு" என்று அவர் சொன்னபோது முதலில் வந்தது நிம்மதி. அதற்குப் பிறகுதான் எந்தக் குலுக்கலில் என்று கேட்டேன்.

நீ சிரிக்கிறாய். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை பெட்டியின் முத்திரையை உடைத்தது நான். பந்துகளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் இறக்கியது நான். காற்றைத் திறந்துவிட்டதும் நான். ஊரே பார்த்துக்கொண்டிருக்க என் புருஷனுக்குப் பரிசு. பதிவான படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒரு தடவையோடு விட்டிருந்தால் நம்பியிருப்பேன்.

விசாரணை முடியும்வரை குலுக்கல் அறைக்குள் நான் போகக்கூடாது. கடைகளின் எந்திரங்கள் பழுதானால் போனில் வழிசொல்லும் பிரிவில் போட்டிருக்கிறார்கள்.

விதியைச் சொல்கிறேன், கவனமாகப் படி. குலுக்கல் அறையில் வேலை செய்கிறவரின் கணவனோ மனைவியோ, குலுக்கலுக்கு முந்தைய ஒரு வருஷத்துக்குள் அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால், டிக்கெட் வாங்கக் கூடாது. வாங்கியிருந்தால் பரிசு கிடையாது. பிரிந்து வாழ்கிறவர்களுக்கு அந்தத் தடை இல்லை. மே மாதம் உன்னையும் என்னையும் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

நீ எப்போதிலிருந்து டிக்கெட் வாங்குகிறாய்? எனக்குத் தெரியவே தெரியாதே.

நாயின் காலை உப்புத் தண்ணீரில் கழுவு.

நோரீன்


கூராபின்
மார்ச் 25, 2024

என் நோரீன்,

உன்னை அந்த அறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று படித்ததும் வேலை ஓடவில்லை. இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் அந்த டிக்கெட்டைக் கிழித்து ஆற்றில் போட்டிருப்பேன். இப்படி எழுதிவிட்டு, நிஜமாகவே போட்டிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

எப்போதிலிருந்து என்று கேட்டாய். செப்டம்பரில் உன்னிடமிருந்து திரும்பி வந்தபின்தான். கிளப்பில் சனிக்கிழமை சாயங்காலம் குலுக்கலை டிவியில் போடுவார்கள். பந்துகளை இறக்கும்போது உன் கையும் தோளும் தெரியும். முகம் தெரியாது. சும்மா உட்கார்ந்து அதைப் பார்த்தால், "என்ன கிளைவ், பொண்டாட்டி தரிசனமா?" என்று பசங்கள் கிண்டல் செய்வார்கள். கையில் டிக்கெட் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். அதற்காகத்தான் வாங்கினேன். பரிசுக்காக வாங்கியிருந்தால் ஒருவேளை விழுந்திருக்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷக் குளிர்காலம், ஜூலையும் ஆகஸ்ட்டும். நான் நிமோனியாவோடு உன் வீட்டில் வந்து கிடந்தது யாருக்கும் தெரியாது. இங்கே எல்லாரிடமும் வடக்கே வேலைக்குப் போயிருந்ததாகத்தான் சொன்னேன். உன் அலுவலகத்திலும் நீ சொல்லவில்லை. கடிதம்கூட உன் முகவரிக்கு எனக்கு வந்ததில்லை. அதை இரண்டு பேரும் விட்டுவிட்டால் போதும். பொய் எதுவும் சொல்ல வேண்டாம். கேட்டால், ஏழு வருஷமாகத் தனித்தனியாகத்தான் இருக்கிறோம் என்று சொன்னால் முடிந்தது. ஏழு வருஷத்தில் அது என்ன, ஏழெட்டு வாரம். நோயாளி ஒருவன் வந்து படுத்துக் கிடந்தான், எழுந்து போனான். அதைக் குடும்பம் நடத்தினோம் என்று யார் சொல்வார்கள்?

டிப்பெட்டின் வீட்டைப் போய்ப் பார்த்தேன். சமையலறை ஜன்னலில் நின்றால் ஆறு முழுக்கத் தெரிகிறது. அங்கே அது அழகாக மட்டும்தான் இருக்கிறது. வெள்ளம் வந்தால் மேலே இருந்து வேடிக்கை பார்க்கலாம். 2017 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது "இனி இந்த ஆத்தங்கரையில ஒரு நாளும் என்னால படுக்க முடியாது" என்று சொல்லிவிட்டுத்தான் நீ போனாய். மேட்டில் என்றால் வருவாயா? அதைக் கேட்கத்தான் இவ்வளவும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
கிளைவ்


பிரிஸ்பேன்
ஏப்ரல் 7, 2024

அன்புள்ள கிளைவ்,

உடனே பதில் போடவில்லை என்று கோபப்படாதே. நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

போன் பிரிவு நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மாநிலம் முழுக்க உள்ள கடைக்காரர்கள் வருகிறார்கள். நேற்று மேற்கே தொலைதூரத்திலிருந்து ஒரு பெரியவர்.

"அம்மா, காகிதத்த முழுங்கிட்டுச் சிவப்பா முழிச்சுக்கிட்டு நிக்குது. வாசல் வரைக்கும் கூட்டம். நீங்க எப்ப ஆள அனுப்புவீங்க?"

"ஆளு வர திங்கக்கெழம ஆயிடும். நீங்களே பண்ணிடலாம். வலது பக்கம் ஒரு சின்ன லீவர் இருக்கு பாருங்க."

"இருக்கு. தொட்டா ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது. மெதுவா மேல தூக்குங்க."

"தூக்கிட்டேன். ஐயோ, பாதி காகிதம் கையோட வந்துருச்சு."

"மீதிய இழுக்காதீங்க. கீழ இருக்கிற உருளைய விரலால பின்னால உருட்டுங்க, தானா வரும்."

வந்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கைதட்டியது எனக்குக் கேட்டது. அந்தப் பெரியவர், "நேர்ல வந்தா உங்களுக்கு ஒரு பீர்" என்றார். ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் என்னால் உட்கார முடியவில்லை. டுவான் மேலே குலுக்கல் அறைக்குப் போகும்போது என் மேசைப் பக்கம் பார்க்காமல் போகிறார். பார்த்தால் நான் அழுதுவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில். என்னால் முடியாது, கிளைவ்.

இத்தனை வருஷம் அந்த அறையில் நான் செய்த வேலைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. கடைசிக் காசில் டிக்கெட் வாங்கிய ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறாள். அவளுக்கு ஒன்றும் விழவில்லை. ஆனால் யாரும் தன்னை ஏமாற்றவில்லை என்று அவள் நம்பலாம். அதை மட்டும்தான் என்னால் அவளுக்குக் கொடுக்க முடியும். நீ சொல்வதைச் செய்துவிட்டு மறுபடி அந்தக் கையுறையை நான் எப்படி மாட்டுவேன்?

டிப்பெட்டின் வீட்டுக்கு வருவாயா என்று கேட்டாய். நாம் ஒன்றாக இருக்கவே இல்லை என்று சொல்லி வாங்குகிற வீட்டில் ஒன்றாக எப்படி இருப்பது? நீ இதை யோசித்தாயா?

குளிர் தொடங்குகிறது. மார்பைப் போர்த்திக்கொண்டு படு.

நோரீன்


கூராபின்
ஏப்ரல் 14, 2024

நோரீன்,

படித்தேன்.

உனக்கு அந்த எந்திரம்தான் பெரிது. எனக்கு ஆறுதான் பெரிதென்று சொல்லித்தான் நீ போனாய். பிறகு வந்த வெள்ளத்தில் ஆறு என் வீட்டையே தின்றுவிட்டது. உன் எந்திரம் உனக்கு இன்னும் சம்பளம் கொடுக்கிறது. நீ சுவருக்குள் படுத்துக்கொண்டு நியாயம் எழுதலாம். தகரத்துக்குள் படுத்துப் பார், மழை பெய்யும்போது யார் ஏமாந்தார்கள் யார் ஏமாறவில்லை என்று தோன்றாது.

கோடிக்கணக்கில் சம்பாதிக்கிற நிறுவனம் அது. நான் கேட்பது ஒரு வீடு. யார் வயிற்றில் அடித்தேன்? பந்து தானாகத்தானே விழுந்தது. விழுந்தது நியாயம் என்று உனக்கே தெரியும். உன்னைவிட யாருக்குத் தெரியும்?

மே மாதம் எனக்குத் தோன்றுவதை நான் சொல்வேன். உனக்குத் தோன்றுவதை நீ சொல்லிக்கொள்.

கிளைவ்


பிரிஸ்பேன்
ஏப்ரல் 29, 2024

அன்புள்ள கிளைவ்,

உன் கடிதத்தில் இருப்பதில் பாதி சரிதான். நான் சுவருக்குள்தான் படுக்கிறேன். மழை வந்தால் எழுந்து உட்கார்ந்து உன் கேரவனைத்தான் நினைக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆனால் நீ டிக்கெட் வாங்கியதையோ, ஜெயித்ததையோ நான் குற்றம் சொல்லவில்லை. பந்து நியாயமாகத்தான் விழுந்தது. அதை எங்கே கேட்டாலும் சொல்வேன்.

விசாரணை மே 22 என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. உனக்கும் வந்திருக்கும். என்னைக் கேட்டால் குளிர்காலத்தைச் சொல்லிவிடுவேன். நீ அதை இல்லை என்றால் நான் எதிர்த்து வாதாடமாட்டேன். உன்னைப் பொய்யன் என்று என் வாயால் சொல்லமாட்டேன். அவர்கள் யாரை நம்ப வேண்டுமோ நம்பட்டும். இதை முன்கூட்டியே உனக்குச் சொல்லிவிடுவது முறை என்று தோன்றியது.

டாக்டர் எழுதிக்கொடுத்த, மூச்சில் இழுக்கும் மருந்து இங்கே ஒன்று மிச்சம் இருந்தது. இதனுடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வந்ததா என்று ஒரு வரி போடு.

நோரீன்


பிரிஸ்பேன்
மே 13, 2024

அன்புள்ள கிளைவ்,

மருந்து வந்து சேர்ந்ததா? உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால் அலுவலகத்தில் கேட்டேன், கொடுத்தாகிவிட்டது என்கிறார்கள். சண்டை போடுவதானாலும் எழுதிப் போடு.

நோரீன்


கூராபின்
மே 24, 2024

அன்புள்ள நோரீன்,

மருந்து வந்தது. அதை இழுத்துக்கொண்டுதான் கோபமாக உட்கார்ந்திருந்தேன்.

விசாரணைக்குக் காலையில் உன்னையும் மதியம் என்னையும் கூப்பிட்டது நாம் சந்தித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இருக்கும். விடிகாலை பஸ்ஸில் வந்தேன். சட்டையை இவெட் தேய்த்துக் கொடுத்தாள். பஸ்ஸில் வழி முழுக்க ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். "உடம்பு முடியாம ஒரு எடம் இல்லாம போய்த் தங்கினேன், வாடகைக்கு இருக்கிறவன் மாதிரி." அதைச் சொல்லத்தான் வந்தேன், நோரீன். நான் நல்ல எண்ணத்தோடு வந்ததாக நினைத்துக்கொள்ளாதே.

பெட்டிக்ரூ என்ற அம்மாள்தான் விசாரித்தாள். நம் வயதுதான் இருக்கும். எனக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னாள். பிரிந்து எத்தனை வருஷம் என்று கேட்டாள். சொன்னேன். நடுவில் எப்போதாவது சேர்ந்து இருந்தீர்களா என்றாள். நான் வாயைத் திறந்தேன்.

"ஒரு நிமிஷம். பதில் சொல்றதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒண்ணு தெரியணும்" என்றாள். "உங்க மனைவி காலையில சொல்லிட்டுப் போயிட்டாங்க. நீங்க சொல்றது அதுக்கு மாறா இருந்தா, ரெண்டுல எது நிஜம்னு சொல்ல வேற சாட்சி கிடையாது. பரிசு பெரும்பாலும் உங்களுக்குத்தான் போகும். ஆனா அவங்க சொன்னது நம்ப முடியாததுன்னு பதிவாகும். அப்புறம் அந்தக் குலுக்கல் ரூமுக்குள்ள அவங்க காலெடுத்து வைக்க முடியாது."

"அவளுக்கு இது தெரியுமா?"

"தெரியும். அவங்ககிட்டயும் இதையே சொன்னேன்."

"தெரிஞ்சுதான் சொன்னாளா? என்ன சொன்னா?"

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துக் காட்டினாள். நீ பேசியதை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். உன் வார்த்தைகள் என்பதால் உன் குரலிலேயே எனக்குக் கேட்டது.

"வந்தப்போ அவரால நிக்கவே முடியல. நான்தான் குளிப்பாட்டி விட்டேன், சூப்பு ஊட்டி விட்டேன். ரெண்டு வாரத்துல தேறிட்டாரு. அப்பவே போயிருக்கலாம். போகல. போன்னு நானும் சொல்லல. வேலை முடிஞ்சு வரும்போது பஸ்ஸுல இருந்தே எட்டிப் பாப்பேன், ஜன்னல்ல வெளிச்சம் தெரியுதான்னு. தெரிஞ்சா மாடிப்படிய ஓடி ஏறுவேன். எனக்கு அறுபது வயசு. கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருஷத்துல நாங்க ரொம்ப நல்லா இருந்தது அந்தக் குளிர்காலம்தான். அவர் அத எப்படி நெனச்சாருன்னு எனக்குத் தெரியாது. கேக்கல. ஆனா என்னால அத இல்லைன்னு சொல்ல முடியாதுங்க."

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். என் தேநீர் ஆறிப்போயிருந்தது. வாடகைக்கு இருக்கிறவன் என்ற அந்த வாக்கியத்தைத் தேடினேன். அது எங்கேயோ போய்விட்டது.

நீ மாடிப்படியில் ஓடி வந்தது எனக்குத் தெரியாது. சாவியை நீ திருப்பும்போது மூச்சு வாங்குவதைக் கேட்டிருக்கிறேன். உனக்கும் நெஞ்சில் ஏதோ வந்துவிட்டதென்று பயந்து கிடந்தேன். இதைக்கூட உன்னிடம் கேட்காமல் இருந்திருக்கிறேன் பார்.

"மிஸ்டர் கிளைவ், அவங்க சொன்னத நீங்க மறுக்கிறீங்களா?"

"இல்லீங்க."

"முழுசா ஒத்துக்கிறீங்களா? ஏதாவது ஒரு பகுதிய மட்டுமா?"

"முழுசா. அவ சொன்னதுல ஒண்ணுதான் பாக்கி. நான் எப்படி நெனச்சேன்னு அவளுக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கா. அதையும் எழுதிக்கோங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான். பரிசு இல்லை. அந்தப் பணம் அடுத்த குலுக்கல்களின் பரிசுகளில் சேர்ந்துவிடுமாம். நான் டிக்கெட் வாங்கியது உனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். உன் மேல் ஒரு குறையும் எழுதப்போவதில்லை என்றாள். இந்தக் கடிதம் வருவதற்குள் உன்னை மேலே குலுக்கல் அறைக்குக் கூப்பிட்டிருப்பார்கள்.

டிப்பெட்டின் வீட்டை நர்ஸ் ஒருத்தி வாங்கிவிட்டாள். இரண்டு குழந்தைகளோடு அவளும் ஒரு கேரவனில்தான் இருந்தாள். எனக்கு எரிச்சல் வரும் என்று நினைத்தேன். கொஞ்சம் வந்தது. சாமான் ஏற்றக் கூடப் போய் ஒரு கை கொடுத்தேன்.

இந்த மாதக் கடைசியில் கேரவனைக் காலி செய்கிறேன் என்று மைதானத்தில் சொல்லிவிட்டேன். பிரிஸ்பேனில் ஒரு மரக்கடையில் வேலை இருக்கிறது, பேசியாகிவிட்டது. அங்கே பக்கத்திலேயே ஓர் அறை பார்த்திருக்கிறேன். நாயை அனுமதிக்கிறார்கள். உன் வீட்டுக்கு வரட்டுமா என்று இதில் நான் கேட்கவில்லை. நீ ஏழு வருஷம் அங்கே வா வா என்று கூப்பிட்டாய், நான் வரவில்லை. இப்போது ஊருக்கு வருகிறேன். மீதியை நீ சொல்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. எல்லாம் முடிந்து நான் எழுந்தபோது பெட்டிக்ரூ அம்மாள் கூப்பிட்டாள்.

"இனிமே நீங்க லாட்டரி டிக்கெட் வாங்கக் கூடாது. தெரியும்ல?"

"இனிமேவா? நான்தான் தனியா இருக்கேனே?"

"நீங்க இப்ப சொன்னத வெச்சுப் பாத்தா," என்று அவள் காகிதத்தைத் தட்டினாள், "நீங்க அவங்க புருஷன்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

உன் கணவன்,
கிளைவ்